மாத்திரை இலவசம், கிளினிக் நாள் இலவசமில்லை

(மாதர் பிரிவுத் தலைவிகளுக்கான பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாமல் போன சகோதரிகளுக்காக இங்கே தருகிறோம்.)



ஞாயிற்றுக்கிழமை நமக்கு ஓய்வு நாள் இல்லை. துணி துவைக்க, விறகு பொறுக்க, டவுனுக்குப் போய் சாமான் வாங்க இருக்கும் ஒரே நாள். அதை விட்டுவிட்டு மேல் டிவிஷன்களிலிருந்தும் நடந்து வந்திருக்கிறீர்கள். முதலில் அதற்கு நன்றி.

எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களின் உடல்நலத்தைப் பற்றி இன்றைக்குப் பேசப் போகிறோம். இதைக் கேள்விப்பட்டதும், "சங்கம் சம்பளத்தைப் பேசட்டும், இந்த நோய் கதை எல்லாம் நமக்கு எதுக்கு?" என்று கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் ஒரு சகோதரியின் கதையில் இருக்கிறது. அவருடைய பேரும் தோட்டமும் மாவட்டமும் இங்கே வராது. "என்னைக் காட்டாம சொல்லுங்க, ஆனா கட்டாயம் சொல்லுங்க" என்று அவரே கேட்டுக்கொண்டார்.

சில வருடங்களுக்கு முன் அந்தச் சகோதரியின் கணவர் இறந்தார். வெளியூரில் பல காலம் வேலை செய்தவர். கணவரின் சாவுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் இவருக்கும் இரத்தம் சோதித்தார்கள். எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. மருந்து தொடங்கினார்கள். நாள் தவறாமல் மாத்திரை போட்டார். உடம்பு தேறியது. வழக்கம்போல் கொழுந்து எடுத்தார், ஒரு கிலோ குறையவில்லை.

கிளினிக்குக்குப் போக அவருக்கு லீவு வேண்டியிருந்தது. நமது சங்கத்தின் தோட்டத் தலைவரிடம் போனார். "தலைவரே, நான் அடிக்கடி பெரியாஸ்பத்திரிக்குப் போகணும், ஐயாகிட்ட சொல்லி பேரு வெட்டாம பாத்துக்குங்க" என்றார். "என்ன வருத்தம்?" என்று தலைவர் கேட்டார். அவர் நம்பிச் சொன்னார். தலைவர் வீட்டில் சொன்னார். வீட்டிலிருந்து பீலிக்கரைக்குப் போனது. ஒரு வாரத்தில் லயம் முழுக்கத் தெரிந்தது.

மலையில் அவர் நிரைக்குப் பக்கத்து நிரையில் ஆள் நிற்கவில்லை. பிள்ளைக்காம்பராவில் அவருடைய பிள்ளைக்குத் தனிக் கோப்பை வைத்தார்கள். கிளினிக் நாளில் அவர் பஸ்ஸுக்கு நின்றால் பார்த்துப் பேசினார்கள். அவர் கிளினிக் போவதை நிறுத்தினார். மாத்திரை நின்றது. எட்டு மாதம் கழித்து, இருமி இருமி எலும்பாகி, காசநோயோடு ஆஸ்பத்திரியில் விழுந்தார்.

இன்று அவர் நன்றாக இருக்கிறார். காசநோய் குணமாகிவிட்டது. வேறிடத்தில் வேலை செய்கிறார். ஆனால் அவரை அந்தக் கட்டிலில் தள்ளியது கிருமி அல்ல. மருந்து கிருமியை அடக்கித்தான் வைத்திருந்தது. அவரைத் தள்ளியது நமது வாய். நம் சங்கத்தின் வாய். அதனால்தான் இந்தப் பேச்சைச் சங்கம் பேச வேண்டியிருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருவோம்.

எச்.ஐ.வி. என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் ஒரு கிருமி. மருந்து இல்லாமல் விட்டால், பல வருடங்களில் அந்தச் சக்தி முழுக்கக் குறைந்து மற்ற நோய்கள் வந்து சேரும். அந்த நிலையைத்தான் எய்ட்ஸ் என்கிறார்கள். எச்.ஐ.வி. இருக்கும் எல்லோருக்கும் எய்ட்ஸ் இல்லை. ஒழுங்காக மருந்து எடுப்பவர்கள் அந்த நிலைக்குப் போகாமலே முழு ஆயுளும் வாழலாம்.

பாதுகாப்பில்லாத உடலுறவு, கிருமியுள்ள இரத்தம், ஒருவர் பாவித்த ஊசி, கர்ப்பத்திலும் பிரசவத்திலும் தாய்ப்பாலிலும் தாயிடமிருந்து பிள்ளை. இந்த வழிகளில்தான் அது வரும். ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிப்பதால் வராது. ஒரே பீலியில் குளிப்பதால் வராது. ஒரே கக்கூசைப் பாவிப்பதால் வராது. நுளம்பு கடித்தாலும் வராது. பக்கத்து நிரையில் நின்று கொழுந்து எடுத்தால் வராது. பிள்ளைகள் ஒன்றாகப் படுத்துத் தூங்கினாலும் வராது. அந்தத் தனிக் கோப்பைக்கு எந்த அவசியமும் இருக்கவில்லை.

இலங்கையர் ஒருவருக்கு இந்தக் கிருமி இருப்பது முதன்முதலில் 1987இல் பதிவானது. அன்று முதல் இன்று வரை நம் நாட்டில் இது குறைவாகவே இருக்கிறது. வளர்ந்தவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. புதிதாகக் கண்டுபிடிக்கப்படுவோரில் பெரும்பாலானவர்கள் ஆண்கள். இது நல்ல செய்திதான். ஆனால் இதற்குள் பெண்களுக்கு ஒரு தொல்லையும் இருக்கிறது. குறைவாக இருப்பதால், "நமக்கு வராது" என்று எல்லோரும் நினைக்கிறோம். வந்த பெண் தனியாகிவிடுகிறாள். தன்னைப் போல் இன்னொருத்தியைக் கண்டு பேசக்கூட அவளுக்கு ஆள் கிடைப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த நோய் என்றதும் பெண்ணின் நடத்தையைப் பற்றிப் பேசுகிறோம். கணவனோடு மட்டும் வாழ்ந்த பெண்ணுக்கும் வருகிறது. பிழைப்புக்காக மத்திய கிழக்குக்குப் போய், வேலை செய்த வீட்டில் பலாத்காரத்துக்கு ஆளானவளுக்கும் வரலாம். கமலிகா அபேரத்ன என்ற டாக்டரை மூத்தவர்கள் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். 1995இல் வாகன விபத்தில் படுகாயமடைந்து, ஏற்றிய இரத்தத்தினால் அவருக்கு எச்.ஐ.வி. வந்தது. அவர் அதை மறைக்கவில்லை. நாட்டுக்கு முன்னால் தன் முகத்தோடு வந்து பேசினார். 2004இல் இறக்கும் வரை, இந்தக் கிருமியோடு வாழ்பவர்களுக்காக வேலை செய்தார். எப்படி வந்தது என்று ஆராய்வது நமக்குத் தேவையில்லாத வேலை. வந்தவள் எப்படி நன்றாக வாழ்வது என்பதுதான் நமது வேலை.

ஒரு நல்ல செய்தியைச் சொல்லிவிட்டு மற்றதற்குப் போகிறோம். மருந்தை ஒழுங்காக எடுத்தால், சில மாதங்களில் இரத்தத்தில் உள்ள கிருமியின் அளவு சோதனையில் காட்டாத அளவுக்குக் குறைந்துவிடும். அப்படிக் குறைந்து நிலைத்திருக்கும்போது, உடலுறவின் மூலம் அவரிடமிருந்து இன்னொருவருக்குக் கிருமி போகாது. உலக சுகாதார ஸ்தாபனமே இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. மருந்து குணமாக்கிவிடாது, வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டும். ஆனால் இன்று பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரு மாத்திரைதான். அரசாங்க கிளினிக்கில் இலவசம்.

அப்படியானால் இந்தப் பெண்களின் உடல்நலத்தில் மிச்சமாக இருக்கும் பிரச்சினை என்ன? அடக்கப்பட்ட கிருமி அல்ல, அதற்குப் பக்கத்தில் நிற்கும் மற்ற நோய்கள்தான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பார்க்கும்போது கவனியுங்கள், இவற்றில் பெரும்பாலானவை நம் எல்லோருக்கும் பழக்கமான நோய்கள்.

முதலாவது, இரத்தச்சோகை. தோட்டப் பெண்களுக்கு இதைப் புதிதாக விளக்கத் தேவையில்லை. கண் இருட்டும், மேடு ஏறினால் மூச்சு வாங்கும், மதியத்துக்கு மேல் கூடை இரண்டு மடங்கு கனக்கும். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இது இன்னும் கூடுதலாக வருகிறது. இங்கே ஒரு முக்கியமான விஷயம். இப்போது கொடுக்கப்படும் மாத்திரையில் டொலுடெக்ராவிர் என்ற மருந்து பெரும்பாலும் சேர்ந்திருக்கும். இரும்புச்சத்து மாத்திரையையும் கல்சியம் மாத்திரையையும் வெறும் வயிற்றில் அதோடு சேர்த்து விழுங்கினால், மருந்து உடம்பில் சரியாகச் சேராது. கர்ப்பிணிகளுக்கு மிட்வைப் மிஸ் கொடுப்பது இந்த இரண்டையும்தான். அதனால், எச்.ஐ.வி. மாத்திரையை அவற்றுக்கு 2 மணித்தியாலத்துக்கு முன் போட வேண்டும், அல்லது 6 மணித்தியாலம் கழித்துப் போட வேண்டும். சோறு சாப்பிடும்போது என்றால் சேர்த்துப் போடலாம். எதையும் நிறுத்தத் தேவையில்லை, நேரத்தை மட்டும் கிளினிக்கில் கேட்டு ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, காசநோய். உலகத்தில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களின் உயிரை அதிகமாக எடுப்பது இதுதான். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், ஜன்னலை மூடிக்கொண்டு, அடுப்புப் புகையோடு ஏழு எட்டுப் பேர் படுக்கிறோம். ஒருவருக்குக் காசநோய் இருந்தால் அது மற்றவருக்குப் போக இதைவிட வசதி வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, உடம்பு மெலிதல். இதில் எது இருந்தாலும் சளியைச் சோதிக்க வேண்டும். எச்.ஐ.வி. இருந்தாலும் காசநோய் குணமாகும். சாதாரணக் காசநோய்க்கு 6 மாத மருந்து. வராமல் தடுக்கவும் மாத்திரை உண்டு. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. காசநோய் மருந்து சில எச்.ஐ.வி. மருந்துகளின் வேகத்தையும், சில கருத்தடை மாத்திரைகளின் வேகத்தையும், கையில் வைக்கும் கருத்தடைக் குச்சியின் வேகத்தையும் குறைக்கும். அதனால் இரண்டு கிளினிக்கிலும் இரண்டு மருந்தையும் மறைக்காமல் காட்ட வேண்டும்.

மூன்றாவது, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்கு இது வரும் வாய்ப்பு மற்றப் பெண்ணைவிட 6 மடங்கு என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. ஆனால் முன்கூட்டியே கண்டுபிடித்துத் தடுக்கக் கூடிய புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. நம் நாட்டில் வெல் வுமன் கிளினிக் 1996இலிருந்து நடக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இலவசம். முக்கியமாக 35 வயதிலும் 45 வயதிலும் உள்ள பெண்களை அழைக்கிறார்கள். எச்.ஐ.வி. உள்ள பெண்கள் 25 வயதிலிருந்தே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆலோசனை.

இதில் நம் எல்லோருக்கும் ஒரு வார்த்தை. இந்தக் கூட்டத்தில் 35 வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் அந்தச் சோதனையைச் செய்திருக்கிறோம்? கை தூக்கச் சொல்லவில்லை. மனதில் நினைத்துப் பாருங்கள். "வெட்கமா இருக்கு", "பேரு போயிரும்", "ஒண்ணும் வலிக்கல்லையே" என்றுதான் தள்ளிப் போடுகிறோம். வலிக்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். 2017 முதல் பாடசாலையில் 6ஆம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு இந்தப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி போடுகிறார்கள். பயந்துகொண்டு அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள்.

நான்காவது, வயது போகப் போக வரும் நோய்கள். இந்தக் கிருமியோடு பெண்கள் இப்போது ஐம்பது, அறுபது வயதைக் காண்கிறார்கள். அதுவே ஒரு வெற்றி. ஆனால் அந்த வயதில் பிரஷர், சீனி, இதய நோய் இவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக வரக்கூடும். மருந்தில் சேரும் டெனோபோவிர் சிலருக்கு எலும்பின் உறுதியைக் குறைக்கும், சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதற்காகத்தான் கிளினிக்கில் இடைக்கிடை இரத்தம் சோதிக்கிறார்கள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்ணின் எலும்பு எப்படியும் பலம் குறையும். நனைந்த படியில் கொழுந்து மூட்டையோடு இறங்குபவளுக்கு ஒரு முறை சறுக்கினால் போதும்.

இங்கேயும் நம் பழக்கம் ஒன்று குறுக்கே நிற்கிறது. உடம்பு வலிக்கு கடையில் நாமாகவே மாத்திரை வாங்கிப் போடுகிறோம். சிலர் தினமும் போட்டுக்கொண்டுதான் மலைக்குப் போகிறார்கள். டைக்குளோபெனாக் போன்ற வலி மாத்திரைகளை டெனோபோவிரோடு தொடர்ந்து எடுத்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து கூடும். வலிக்கு எந்த மாத்திரை நல்லது என்று கிளினிக்கில் கேட்க வேண்டும். எச்.ஐ.வி. இல்லாதவர்களும் இந்தப் பழக்கத்தை விடுவது நல்லது.

ஐந்தாவது, மனம். இதற்கு ஸ்கேன் கிடையாது, இரத்தச் சோதனை கிடையாது. தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, யாரையும் பார்க்கப் பிடிக்காது. மாத்திரைப் போத்தலை அரிசி வாளிக்குள் மறைத்து வைத்து, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு எடுத்துப் போடும் பெண்ணின் மனம் எப்படி இருக்கும்? ஆள் வந்துவிட்டால் அன்றைக்கு மாத்திரை இல்லை. அப்படி அடிக்கடி தவறினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். பிறகு அந்த மருந்து வேலை செய்யாது. அவளுடைய மனக்கஷ்டம் கடைசியில் உடம்புக்குத்தான் வந்து சேர்கிறது.

அடுத்தது பிள்ளைப்பேறு. கர்ப்பிணி கிளினிக்கில் இரத்தம் எடுக்கும்போது எச்.ஐ.வி.க்கும் சோதிக்கிறார்கள். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் அது உண்டு. "என் மேலே என்ன சந்தேகம்?" என்று யாரும் கோபப்படத் தேவையில்லை. மருந்தும் கவனிப்பும் இல்லாவிட்டால், எச்.ஐ.வி. உள்ள தாய்மார் 100 பேரில் 15 முதல் 45 பேரின் பிள்ளைக்குக் கிருமி போகக்கூடும். காலத்தோடு மருந்து எடுத்தால் அது மிக மிகக் குறைந்துவிடும். 2019 டிசம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடு என்று இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தது. பெரிய நாடுகள் பலவற்றால் இன்னும் எட்ட முடியாத இடம் இது. மலை மலையாக ஏறி லயத்துக்கு வரும் மிட்வைப் மிஸ்களின் உழைப்பும், கொப்பியைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு நடந்த உங்கள் உழைப்பும் அதில் இருக்கிறது.

எச்.ஐ.வி. உள்ள பெண் கல்யாணம் செய்யலாம், பிள்ளை பெறலாம். பிள்ளை வேண்டாம் என்றால் கருத்தடை முறையை அவளே தெரிவு செய்யலாம். நோயைக் காட்டி யாரும் அவளைக் கர்ப்பத்தடை ஆபரேஷனுக்குக் கட்டாயப்படுத்த முடியாது.

இன்னும் ஒரு சின்ன விஷயம். குழந்தைக்குத் தாய்ப்பாலா, பால்மாவா என்பதை அந்தத் தாயும் டாக்டரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். சில வேளைகளில் பால்மா கொடுக்கச் சொல்வார்கள். லயத்தில் ஒருத்தி போத்தல் பால் கொடுத்தால் நாம் என்ன செய்கிறோம்? "ஏன் புள்ள, பால் இல்லையா? ஏன் குடுக்கல்ல? டாக்டர் என்ன சொன்னாரு?" என்று ஒரு விசாரணையே நடத்துகிறோம். அக்கறையில்தான் கேட்கிறோம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பயந்து ஒரு தாய் டாக்டர் சொன்னதை விட்டுவிட்டால், நஷ்டம் பிள்ளைக்கு. போத்தல் பாலுக்கு நூறு காரணம் இருக்கலாம். கேட்காமல் விடுவோம்.

இனி, சங்கத்தின் நேரடி வேலைக்கு வருகிறோம்.

எச்.ஐ.வி. மருந்து தோட்ட டிஸ்பென்சரியில் கிடைக்காது. பாலியல் நோய் சிகிச்சை நிலையத்துக்குத்தான் போக வேண்டும். நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலை போன்ற பெரிய ஊர்களில் இருக்கிறது. தொடக்கத்தில் அடிக்கடி போக வேண்டும், உடம்பு நிலைத்த பிறகு சில மாதங்களுக்கு ஒரு முறை. ஒரு கிளினிக் நாளைக் கணக்குப் பாருங்கள். மேல் டிவிஷனிலிருந்து விடியற்காலையில் நடை. முதல் பஸ். டவுனில் இறங்கி இன்னொரு பஸ். வரிசை, இரத்தம், டாக்டர், மருந்து. திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிடும். ஒரு நாள் பேர் போகிறது. பஸ் காசு, சாப்பாட்டுக் காசு போகிறது. பிள்ளையைப் பார்க்க ஆள் தேட வேண்டும். மாத்திரை இலவசம்தான், ஆனால் அந்த மாத்திரையை எடுத்து வருவது இலவசமில்லை. அதோடு, எங்கே போனாய் என்று கேட்கும் வாய்களுக்கு ஒரு பொய்யும் சொல்ல வேண்டும்.

இது எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்கு மட்டும் உள்ள கணக்கு இல்லை. சீனி வருத்தக்காரிக்கும், பிரஷர்காரிக்கும், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவளுக்கும் இதே கணக்குத்தான். அதனால் நாம் கேட்பதும் எல்லோருக்கும் பொதுவாகவே இருக்க வேண்டும். தனியாக ஒரு நோய்க்கு என்று கேட்டால், கேட்டு வாங்கியவள் யார் என்று உடனே தெரிந்துவிடும்.

சங்கம் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை.

ஒன்று: நீண்டகால நோய்க்கு அரசாங்க கிளினிக் போகும் தொழிலாளிக்கு, ஆணோ பெண்ணோ, கிளினிக் நாளில் சம்பளம் வெட்டக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போனதற்கான துண்டு போதும். என்ன நோய் என்று கணக்கப்பிள்ளையோ கிளார்க்கோ துரையோ கேட்கக் கூடாது.

இரண்டு: ஒவ்வொரு டிவிஷனிலும் 35 வயதையும் 45 வயதையும் அடைந்த பெண்களுக்கு, வெல் வுமன் கிளினிக் போக வருடத்தில் ஒரு நாள் முழுப் பேரோடு ஒதுக்க வேண்டும். முடிந்த இடங்களில் சுகாதார வைத்திய அதிகாரியின் குழுவைத் தோட்டத்துக்கே அழைக்க நிர்வாகம் வசதி செய்ய வேண்டும்.

மூன்று: வைத்தியர் இலகு வேலை என்று எழுதிக் கொடுத்தால் அது நடக்க வேண்டும். எழுதிய காரணம் தோட்ட ஆபிஸ் மேசையில் திறந்து கிடக்கக் கூடாது.

நான்கு: வேலைக்குச் சேர்க்கவோ வேலையில் வைத்திருக்கவோ எச்.ஐ.வி. சோதனை கேட்கக் கூடாது. சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் 2010ஆம் ஆண்டு 200ஆம் இலக்கப் பரிந்துரை இதைத் தெளிவாகச் சொல்கிறது. எச்.ஐ.வி. இருப்பது வேலையை நிறுத்த ஒரு காரணம் ஆகாது என்பதும் அதில் இருக்கிறது.

நிர்வாகத்திடம் கேட்பது இவை. நம்மிடமே கேட்டுக்கொள்வது ஒன்று இருக்கிறது. இனிமேல் நமது தோட்டக் கமிட்டியில் யாராவது கிளினிக் லீவுக்காக வந்தால், "என்ன வருத்தம்?" என்று தலைவரோ தலைவியோ கேட்கக் கூடாது. "எந்தத் திகதி?" என்று மட்டும் கேட்க வேண்டும். அவராகவே சொன்னால், அது கேட்டவரோடு நிற்க வேண்டும், கணவனுக்கும் மனைவிக்கும் கூடச் சொல்லக் கூடாது. சொன்னவர் பொறுப்பிலிருந்து விலக வேண்டும். மாதர் பிரிவின் இந்தத் தீர்மானத்தை மாவட்டக் கமிட்டி ஏற்றுக்கொண்டிருக்கிறது. முதலில் கதையை வெளியே விட்ட அந்தத் தலைவரும் தன் தவறை ஒப்புக்கொண்டு, இந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கினார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வதந்தி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நாடறிந்த கதை ஒன்று இருக்கிறது. குளியாப்பிட்டியில் 6 வயதுச் சிறுவன் ஒருவனின் தகப்பன் எய்ட்ஸ் நோயால் இறந்தார் என்று ஊரில் கதை பரவியது. பாடசாலைகள் அவனைச் சேர்க்கவில்லை. ஒரு பாடசாலையில் சேர்த்தபோது மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். சோதித்ததில் அந்தப் பிள்ளைக்குக் கிருமியே இல்லை. அந்தத் தாய் பின்வாங்கவில்லை. விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் கல்வி உரிமையை அரசு காப்பாற்ற வேண்டும் என்று 2016இல் நீதிமன்றம் சொன்னது. கண்டி திரித்துவக் கல்லூரி அவனைச் சேர்த்துக்கொண்டது. அந்தப் பிள்ளைக்குக் கிருமி இருந்திருந்தாலும், பக்கத்து மேசைப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நம் பிள்ளைக்காம்பராவின் தனிக் கோப்பையும் இந்தக் கதையும் ஒன்றுதான்.

முடிக்கும் முன் நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியவை.

சந்தேகம் இருந்தால் சோதித்துக்கொள்ளுங்கள். பாலியல் நோய் சிகிச்சை நிலையத்தில் சோதனை இலவசம், இரகசியம். கணவர் வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து போகலாம். ஆண்களுக்கும் இதைச் சொல்கிறோம்: நீங்கள் சோதிக்காமல் இருந்தால், அதன் விலையை உங்கள் வீட்டுப் பெண் கொடுக்க வேண்டிவரும். ஆணுறை பாவிக்கச் சொன்ன மனைவியைச் சந்தேகப்படாதீர்கள்.

பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணை, சிறுமியை, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 72 மணித்தியாலத்துக்குள் மருந்து தொடங்கி 28 நாள் எடுத்தால் எச்.ஐ.வி. வராமல் தடுக்க முடியும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கோயில் பஞ்சாயத்து, சமாதானப் பேச்சு என்று அந்த மூன்று நாளை வீணாக்காதீர்கள்.

மருந்தை இடையில் நிறுத்திய பெண் யாராவது இதை வாசித்தால், அவருக்கு ஒரு வார்த்தை. திரும்பிப் போகலாம். கிளினிக்கில் அதற்காக உங்களைத் துரத்த மாட்டார்கள். திரும்பவும் சோதித்து மருந்து தொடங்குவார்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் மாதர் பிரிவில் சொல்லுங்கள். ஒருவர் கூட வருவார், எதற்கு என்று கேட்க மாட்டார்.

கதையில் வந்த அந்தச் சகோதரியிடம், இந்தப் பேச்சில் கடைசியாக என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டோம். கொஞ்ச நேரம் யோசித்தார். "எனக்கு மருந்து ஆஸ்பத்திரியில குடுக்குறாங்க. மத்தவங்ககிட்ட ஒண்ணும் வேணாம். பக்கத்து நிரையில நின்னா போதும்" என்றார்.

நாளைக் காலையில் பிரட்டுக்குப் போவோம். யாருக்கு என்ன வருத்தம் என்று நமக்குத் தெரியாது. தெரிய வேண்டியதுமில்லை. பக்கத்து நிரையில் நிற்போம்.